மகரம் 1124-இல் பிறந்த அம்மாவுக்கு விசா

பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் விண்ணப்பம் நிரப்பித் தரும் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். முன்பெல்லாம் கடைக்கு வருகிறவர்கள் தாங்கள் வெளிநாடு போவதற்காகத்தான் வருவார்கள். நர்சிங் முடித்த பெண்கள், துபாய்க்குப் போகும் எலக்ட்ரீசியன்கள், படிக்கப் போகும் பிள்ளைகள். இப்போது அதே பிள்ளைகள் அங்கிருந்து போன் செய்கிறார்கள். கேட்பது ஒன்றைத்தான்: "அண்ணா, அம்மாவை இங்க கூட்டிட்டு வந்தறலாமா?"

என் பெரியம்மாவின் மகளும், எனக்குத் தங்கை முறை, இதைக் கேட்டாள். இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கிறாள், நிரந்தரக் குடியிருப்பு உரிமையும் வாங்கிவிட்டாள். பெரியம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மறதி. அவளுக்காக நான் படித்துத் தெரிந்துகொண்டதையும், கடையில் மற்றவர்களுக்காக அலைந்து கற்றுக்கொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் மட்டுமல்ல, செங்கோட்டை, குமுளி, களியக்காவிளை என்று எல்லையோரம் முழுக்க இதே கேள்வி வீட்டுக்கு வீடு இருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி 60 வயது தாண்டியவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு 8.6 பேர். தமிழ்நாட்டில் 10.4, கேரளத்தில் 12.6. வயதானவர்கள் அதிகம் உள்ள இரண்டு மாநிலங்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறோம். பிள்ளைகளை வெளியே அனுப்புவதிலும் இரண்டும் சளைத்தவை அல்ல.

முதலில் விசா விஷயம். நாட்டுக்கு நாடு விதி வேறு. ஆனால் எல்லாவற்றையும் அடுக்கிப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. சில நாடுகள் ஆரோக்கியமான பெற்றோரைத்தான் உள்ளே விடும். இங்கிலாந்து, முழுக்க முடியாமல் போன பெற்றோரை மட்டும்தான் விடும். சர்க்கரை, முழங்கால் வலி, லேசான மறதி, தனியாகக் குளிக்கக் கொஞ்சம் பயம் என்று நடுவில் இருக்கிறார்களே, நம் அம்மா அப்பாக்களில் பெரும்பாலானோர், அவர்களுக்குத்தான் வழி மிகக் குறைவு.

இங்கிலாந்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், எங்கள் பக்கத்து நர்ஸ்கள் அதிகம் போவது அங்கேதான். வேலை விசாவில் இருக்கும்வரை பெற்றோரைச் சார்ந்தவராகச் சேர்க்கவே முடியாது. குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ கிடைத்தபின்தான் பேச்சு. அப்போதும், 2012 ஜூலையில் இறுக்கிய விதி நிற்கிறது: குளிப்பது, உடுத்துவது, சமைப்பது போன்ற அன்றாடக் காரியங்களுக்கே இன்னொருவர் கை நீண்டகாலம் வேண்டும் என்ற நிலை இருக்க வேண்டும். அது மட்டும் போதாது. அந்தக் கவனிப்பு, பிள்ளை பணம் அனுப்பினாலும், சொந்த நாட்டில் கிடைக்கவில்லை அல்லது கட்டுப்படியாகவில்லை என்று காட்ட வேண்டும். பவுண்டில் சம்பளம் வாங்கும் மகள், பாலக்காட்டில் ஹோம் நர்ஸ் வைக்க வசதியில்லை என்று எப்படிக் காட்டுவாள்? ஆகவே கேள்வி முழுவதும் "கிடைக்கவில்லை" என்பதில் வந்து நிற்கிறது. அதற்கு உள்ளாட்சியோ, சுகாதாரத் துறையோ, மருத்துவரோ எழுத்தில் தர வேண்டும்.

எங்கள் ஊரில் சிக்கல் இங்கேதான் ஆரம்பம். கேரளத்தில் பாலியேட்டிவ் கவனிப்பு, அதாவது தீராத நோயில் கிடப்பவர்களின் வலியைக் குறைத்துப் பார்த்துக்கொள்வது, நன்றாக வேரூன்றியது. 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் ஒரு சின்னக் கூட்டமாகத் தொடங்கியது, 2008-இல் மாநில அரசின் கொள்கையாகவே வந்துவிட்டது. இன்று பஞ்சாயத்து மூலம் நர்ஸ் வீட்டுக்கே வருகிறார். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவமும் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை, பிசியோதெரபி, வலி நிவாரணம் என்று வீடு தேடி வருகிறது. இரண்டும் நல்ல காரியம், பெரியம்மாவே அதனால் பயன் பெற்றவர். ஆனால் விண்ணப்பத்தைப் படிக்கும் அதிகாரி, நர்ஸ் வீட்டுக்கே வருகிறாரே, பிறகென்ன என்றுதான் கேட்பார்.

அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது: "கவனிப்பு இல்லை" என்று யாரிடமும் கடிதம் கேட்காதீர்கள். அது உண்மையும் இல்லை, யாரும் எழுதித் தரவும் மாட்டார்கள். என்ன கிடைக்கிறது, என்ன கிடைக்கவில்லை என்று எழுதித் தரக் கேளுங்கள். நர்ஸ் மாதத்தில் எத்தனை முறை வருகிறார், எவ்வளவு நேரம் இருக்கிறார், படுக்கைப் புண்ணைப் பார்க்கிறார், ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு அம்மாவைத் தூக்கிப் பாத்ரூமுக்குக் கொண்டுபோவது யார்? முன்பு பார்த்துக்கொண்டவர் யார், இப்போது ஏன் முடியவில்லை? ஹோம் நர்ஸ் எத்தனை பேர் வந்தார்கள், ஏன் நிற்கவில்லை? தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால் அதற்கு மதிப்பு உண்டு. தங்கைக்கு முதல் முறை மறுப்புதான் வந்தது. எங்களிடம் அந்த நோட்டு இல்லை.

கனடாவின் வாசல் வேறு மாதிரி. நிரந்தரமாகக் கூட்டிப்போக வேண்டுமென்றால் பிள்ளை 20 வருடம் பெற்றோரின் செலவுக்குப் பொறுப்பேற்று எழுதித் தர வேண்டும். கியூபெக்கில் 10 வருடம். அதற்கும் குலுக்கல் முறையில் அழைப்பு வர வேண்டும். ஆகவே நம்மவர்கள் எடுப்பது சூப்பர் விசா, பெற்றோர் நீண்டநாள் தங்கிப் போவதற்கான விசா. 2011 டிசம்பரில் வந்தது. 2022 முதல் ஒரு முறை உள்ளே போனால் 5 வருடம் வரை தங்கலாம். மருத்துவப் பரிசோதனை உண்டு. ஒரு லட்சம் கனடிய டாலருக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும்.

அந்தக் காப்பீட்டுப் பத்திரத்தைத்தான் யாரும் படிப்பதில்லை. ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் தருவோம், ஆனால் அது "ஸ்டேபிளாக" இருந்திருக்க வேண்டும் என்று பல பாலிசிகளில் ஒரு வரி இருக்கும். மூன்று மாதமோ ஆறு மாதமோ, மருந்தோ அளவோ மாறியிருக்கக் கூடாது என்று அதற்கு அர்த்தம். எங்கள் பக்கம் ஒரு அப்பா கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பு கோவையில் டாக்டரைப் பார்த்தார். போகும்முன் எல்லாம் சரியாக இருக்கட்டுமே என்ற நல்லெண்ணம்தான். டாக்டர் ரத்த அழுத்த மாத்திரையைக் கொஞ்சம் கூட்டினார். அங்கே போய் நெஞ்சுவலி வந்தபோது அந்தச் சீட்டைக் காட்டித்தான் பணம் தர மறுத்தார்கள். டாக்டரைப் பார்க்காதே என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். பார்ப்பதை ஏழு எட்டு மாதம் முன்பே பாருங்கள். மருந்தை நிலைப்படுத்துங்கள். அப்புறம் பாலிசி, அப்புறம் டிக்கெட்.

அமெரிக்காவில் 21 வயதான குடிமகன் பெற்றோருக்கு கிரீன் கார்டு கேட்கலாம், வருடத்துக்கு இத்தனை பேர்தான் என்ற கட்டுப்பாடு கிடையாது. ஆனால் பிள்ளையிடம் கிரீன் கார்டு மட்டும் இருந்தால் கேட்க முடியாது. போன பிறகும், 65 தாண்டியவர் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் பணம் கட்டிச் சேரவே தொடர்ந்து 5 வருடம் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். அந்த 5 வருடம் தனியார் காப்பீட்டில்தான். ஆஸ்திரேலியாவில் சாதாரணப் பெற்றோர் விசாவுக்குக் காத்திருப்பு 30 வருடத்துக்கு மேல் என்று அந்த அரசே சொல்கிறது. 75 வயது அம்மாவுக்கு அதை நிரப்பித் தர எனக்கு மனம் வருவதில்லை. பெரும் பணம் கட்டும் வழியிலும் பத்து வருடத்துக்கு மேல். 3 அல்லது 5 வருடத் தற்காலிக விசா ஒன்று உண்டு, அதைத்தான் பார்க்கச் சொல்வேன். ஜெர்மனியில் 2024 மார்ச் 1-க்குப் பிறகு வேலை அனுமதி பெற்ற திறன் பணியாளர்கள் பெற்றோரை அழைக்கலாம் என்று விதி வந்தது, ஆனால் வயதானவர்களுக்கு மருத்துவக் காப்பீடு பிடிப்பதுதான் அங்கே கஷ்டம். துபாயில் பொதுவாக மாதம் 20,000 திர்ஹம் சம்பளம் கேட்கிறார்கள், விசாவை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். எங்கள் ஊர்க்காரர்களில் அந்தச் சம்பளம் வாங்குபவர்கள் சிலர்தான்.

சரி, விதி இப்படி. அடுத்தது காகிதம். எல்லையோரத்துக் குடும்பங்களுக்கு இது தனிப் பாடு.

பெரியம்மாவின் பிறந்த தேதி எங்கள் வீட்டில் ஒரு பழைய நோட்டில் மலையாளத்தில் எழுதியிருந்தது: கொல்லம் 1124, மகரம். கொல்லம் என்பது மலையாள ஆண்டுக் கணக்கு. எங்கள் தாலுகா அப்போது கொச்சி ராஜ்ஜியம். 1949-இல் திருவிதாங்கூர்-கொச்சி ஆனது, 1956 நவம்பர் 1-இல் கேரளமானது. கொல்லம் ஆண்டை ஆங்கில ஆண்டாக்க 825 கூட்ட வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். அது பாதிதான் சரி. சிங்க மாதத்தில் ஆண்டு பிறக்கிறது, அதாவது ஆகஸ்ட் நடுவில். ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை 824 கூட்ட வேண்டும், ஜனவரி பிறந்ததும் 825. மகரம் என்றால் நம் தை. எனவே பெரியம்மா பிறந்தது 1949 தொடக்கத்தில். ஆதாருக்குக் கொடுத்தவர் 824 கூட்டி 1948 என்று போட்டுவிட்டார். பாஸ்போர்ட்டில் 1949. கோவை ஆஸ்பத்திரிச் சீட்டில் வயது இன்னொன்று. பெயர் சரஸ்வதி. கேரள ரேஷன் கார்டில் ஆங்கிலத்தில் கடைசி எழுத்து வொய், தமிழ்நாட்டு ஆஸ்பத்திரியில் ஐ. ஓரிடத்தில் இனிஷியல் முன்னால், இன்னோரிடத்தில் பின்னால். நமக்கு எல்லாம் ஒரே பெரியம்மாதான். விசா அதிகாரிக்கு இவர்கள் மூன்று பேர்.

பிறப்புப் பதிவுக்கு நாடு முழுவதும் ஒரே சட்டம் வந்தது 1969-இல்தான். அதற்கு முன் பிறந்தவர்களுக்குப் பதிவு இல்லையென்றால் பயப்பட வேண்டாம். பஞ்சாயத்திலோ நகராட்சியிலோ "பதிவில் இல்லை" என்ற சான்று வாங்கி, பள்ளிச் சான்றும் உறவினர் பிரமாணப் பத்திரமும் சேர்த்து வைப்பது வழக்கம். செங்கோட்டைக்காரர்களுக்கு இன்னொரு சுற்று உண்டு: பிறந்தபோது திருவிதாங்கூர், 1956-இல் திருநெல்வேலி மாவட்டம், 2019-இல் தென்காசி மாவட்டம். பழைய பதிவு எந்த அலுவலகத்தில் கிடக்கிறது என்று கண்டுபிடிக்கவே நாள் போகும். இந்தத் திருத்தங்களை அம்மா கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். மறதி முற்றிவிட்டால், அவர் கொடுத்த பவர் பத்திரமே நம் நாட்டுச் சட்டப்படி செல்லாமல் போகும். அப்புறம் பேங்க் கணக்கில் கைவைக்க உயர்நீதிமன்றம் வரை போக வேண்டிவரும். மாத்திரைச் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் பொதுப்பெயரையும் டாக்டரை எழுதச் சொல்லுங்கள். கால் எரிச்சலுக்குச் சர்வசாதாரணமாகத் தரும் பிரீகாபலின் அமீரகத்திலும் இங்கிலாந்திலும் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. சீட்டு இல்லாமல் பையில் வைத்துக்கொண்டு இறங்கக் கூடாது.

இவ்வளவும் முடிந்து விசா கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம்தான் அசல் கேள்வி வருகிறது. காலை ஏழரைக்கு மகளும் மருமகனும் வேலைக்குப் போய், மாலை ஆறுக்குத் திரும்பும்வரை அம்மாவோடு யார்? அவரிடம் எந்த மொழியில் பேசுவார்?

மொழியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பெரியம்மா ஐந்தாவது வரை மலையாளப் பள்ளியில் படித்தவர். சித்தூர் சந்தையில் மலையாளத்தில் பேரம் பேசினால் யாரும் தமிழச்சி என்று சொல்ல மாட்டார்கள். மறதி வந்த பிறகு முதலில் நழுவியது அந்த மலையாளம்தான். பின்னால் கற்ற மொழி முன்னால் போவதை இந்த நோயில் பலரிடம் பார்க்கிறோம். கோட்டயம் பக்கத்திலிருந்து ஒரு ஹோம் நர்ஸ் வந்தார், பொறுமையான பெண். ஒருநாள் மத்தியானம் டம்ளரோடு வந்து "வெள்ளம் வேணோ?" என்று கேட்டார். பெரியம்மா முகம் வெளுத்துப்போய், "வெள்ளம் வந்துருச்சா? ஆட்டை அவுத்து விட்டாச்சா?" என்று நல்ல கையால் கட்டிலைப் பிடித்து எழப் பார்த்தார். ஆடு விற்று இருபது வருடம் ஆகிறது. நான் போய்க் கையைப் பிடித்து, தண்ணி பெரியம்மா, குடிக்கிற தண்ணி என்று சொல்லிச் சொல்லி அடங்க அரை மணி நேரம் ஆனது. அறுபது வருடம் காதில் கேட்ட மொழி, அவருடைய சொந்த வீடு, சொந்தக் கட்டில். அப்படியிருந்தும் இது நடந்தது. பர்மிங்ஹாமில் ஓர் அறையில் முன்பின் தெரியாதவர் ஆங்கிலத்தில் வந்து கேட்டால் என்ன ஆகும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

கனடா போய் வந்த இன்னொரு அம்மா சொன்னதையும் இங்கே வைக்கிறேன். மார்கழியில் அங்கே நாலே முக்காலுக்கே இருட்டிவிடுமாம். விளக்கு வைத்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிடுவாராம். மகன் வந்து ஏழு மணிக்குச் சாப்பிடக் கூப்பிட்டால், நேற்றுச் சாப்பாடா இன்றைய சாப்பாடா என்று குழப்பம். பாத்ரூமில் சொம்பும் குழாயும் இல்லாததால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார், நீர்க்கடுப்பில் போய் முடிந்தது. ஒரு ஹேண்ட் ஷவர் மாட்டியிருந்தால் தீர்ந்திருக்கும். அதைக் கேட்கக் கூச்சம் அவருக்கு, கேட்கத் தோன்றவில்லை மகனுக்கு. அழைத்துப்போகிற பிள்ளைகள் விமானம் ஏறும்முன் அந்த வீட்டுப் பாத்ரூமையும் படுக்கையையும் படிக்கட்டையும் அம்மாவின் காலாலும் கையாலும் ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, பிள்ளைகள் வாய் திறக்கத் தயங்குவது. "அங்க போயி எனக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா, கண்ணு, யாரு எடுத்துப் போடறது?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். அதை அபசகுனம் என்று வாயை அடைக்காதீர்கள். அவர் கேட்பது நியாயமான கேள்வி. அங்கேயே தகனமா, உடலைக் கொண்டுவருவதா, காப்பீட்டில் அந்தச் செலவு உண்டா என்று உட்கார்ந்து பேசிவிடுங்கள். பதில் கிடைத்த பிறகு நிம்மதியாகக் கிளம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். கிடைக்காமல் போனவர்கள் மூன்றாம் மாதமே திரும்ப டிக்கெட் கேட்டார்கள்.

என் அபிப்பிராயம் இதுதான்: வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். நம்மவர்கள் விசாவில் ஆரம்பித்து, காப்பீட்டுக்கு வந்து, கடைசியில் பகலில் யார் என்பதில் முட்டி நிற்கிறார்கள். பகலில் யார் என்பதில் ஆரம்பியுங்கள். அதற்குப் பதில் இருந்தால் காப்பீடு, அதுவும் சரிப்பட்டால் விசா. நடமாடும் பெற்றோருக்கு என்றால் சீக்கிரம் கூட்டிப்போங்கள், தள்ளிப்போடாதீர்கள். அறுபத்தைந்தில் போனவர் பக்கத்துக் கடையும் பஸ் நம்பரும் பழகிக்கொள்வார், எழுபத்தெட்டில் முடியாது. மறதி தொடங்கிய பிறகு இடம் மாற்றுவது, அது கோவையில் முதியோர் குடியிருப்பானாலும் லண்டனானாலும், குழப்பத்தைக் கூட்டவே செய்யும். அப்போதும் சில குடும்பங்களுக்கு வேறு வழி இருக்காது. ஒரே பிள்ளை, ஊரில் யாரும் இல்லை. அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

தங்கை இரண்டாம் முறை விண்ணப்பிக்கவில்லை. ஒரு மாதம் யோசித்தாள், அழுதாள், பிறகு கணக்குப் போட்டாள். வருடத்தில் இரண்டு முறை, லீவைச் சேர்த்து வைத்து, ஆறு ஆறு வாரம் வந்து போகிறாள். பகலுக்கு எருத்தேன்பதியிலிருந்து ஒரு அம்மா வருகிறார். நர்சிங் படிக்கவில்லை, ஆனால் தமிழ் பேசுகிறார், பெரியம்மாவைப் போலவே நிலக்கடலை பிடுங்கிப் பழகிய கை. தூக்கும் விதம், திருப்பிப் படுக்க வைக்கும் விதம் எல்லாம் தங்கை வீடியோ காலில் சொல்லிக் கொடுத்தாள். இங்கிலாந்தில் முதியோர் இல்லத்தில் புது ஆட்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் அவள்தானாம். பாலியேட்டிவ் நர்ஸ் வரும் நாளில் நானும் போய் உட்கார்ந்துகொள்கிறேன். ராத்திரிக்கு ஆள் இன்னும் கிடைக்கவில்லை. இப்போதைக்கு என் மனைவியும் நானும் மாற்றி மாற்றிப் படுக்கிறோம். யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு எழுப்பினார்கள், என்ன சாப்பிட்டார் என்று தேதி போட்டு இப்போது ஒரு நோட்டில் எழுதி வருகிறோம்.